சரிவான தோட்டத்தைப் படியாக்குவது எப்படி: மலை வீடுகளுக்கான கல் தடுப்புச் சுவர் வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐந்து பத்து சென்ட் வாங்கி வீடு கட்டியவர்களுக்குச் சமதளம் என்று இருப்பது பெரும்பாலும் வீடு உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும்தான். மிச்ச நிலம் பின்பக்கமோ பக்கவாட்டிலோ சரிந்து இறங்கும். அதில் அப்படியே பாத்தி பிடித்துக் கேரட்டும் பீட்ரூட்டும் விதைத்தால், வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழையில் மேல்மண் கீழ்வீட்டு வாசலுக்குப் போய்விடும். மலைக்காரர்கள் இதற்கு நெடுங்காலமாகச் செய்துவருவது ஒன்றே: சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கல் கட்டுவது.

ஒரு குடும்பம் கொத்தனார் ஒருவரின் துணையோடு கட்டிக்கொள்ளக்கூடிய சிறு சுவர்களைப் பற்றியது இந்த வழிகாட்டி. வெளியே தெரியும் உயரம் மூன்று அடிக்குள். சிமெண்ட் கலவை இல்லாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டுவது. நீலகிரியை மனதில் வைத்து எழுதுகிறேன். கொடைக்கானல், ஏற்காடு வீடுகளுக்கும் முறை இதுதான். மழைக்காலமும் மண்ணும் கொஞ்சம் மாறும்.

சுவரைத் தள்ளுவது எது

கட்டத் தொடங்கும் முன் இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வேலைகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

ஒரு மீட்டர் உயரச் சுவரின் பின்னால் ஓரளவு வடிகாலுள்ள மண் இருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது சுமார் 300 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னால் தள்ளுகிறது. கல் சுவரின் சொந்த எடையே இதைத் தாங்கும். அதே மண்ணில் நீர் வடிய வழியின்றி மேல்வரை தேங்கினால் தள்ளுவிசை 600 கிலோவைத் தாண்டிவிடும். மண் அப்படியேதான் இருக்கிறது. கூடியது தண்ணீர் மட்டும். மலையில் சாய்ந்து கிடக்கும் தடுப்புச் சுவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் கதை இதுதான்: திடமான சிமெண்ட் சுவர், ஆனால் நீர் வெளியேற ஒரு துளைகூட இருக்காது, அல்லது இருந்த துளை மண்ணால் அடைபட்டிருக்கும்.

இன்னொன்று உயரம். உயரம் இரட்டித்தால் தள்ளுவிசை நான்கு மடங்காகும். சுவரை அடியோடு புரட்டிக் கவிழ்க்கும் வலுவோ எட்டு மடங்காகும். ஆறடிச் சுவர் ஒன்று கட்டுவதைவிட மூன்றடிச் சுவர் இரண்டு கட்டுவது எவ்வளவோ பாதுகாப்பு என்று சொல்வது இதனால்தான். உயரச் சுவர் கட்டினால் அகலமான ஒரே தளம் கிடைக்குமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

எங்கே கட்டக்கூடாது

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இங்குள்ள பாறைக்கு மேல் பல இடங்களில் ஆழமாகச் சிதைந்த செம்மண் போர்த்தியிருக்கிறது. ஊறினால் அது தன் பிடிப்பை இழக்கும். மூன்றடிக் கல்சுவர் உங்கள் தோட்டத்து மேல்மண்ணைப் பிடிக்கும். மலை நகர்ந்தால் அதைப் பிடிக்காது.

ஆகவே நிலத்தை ஒருமுறை நிதானமாகச் சுற்றிவந்து பாருங்கள். தரையில் பிறை வடிவ விரிசல் ஓடியிருக்கிறதா? சில்வர் ஓக், சீகை போன்ற மரங்கள் அடியில் வளைந்து சாய்ந்திருக்கின்றனவா? மழை நின்று பல நாளாகியும் ஓரிடத்தில் மட்டும் ஊற்று கசிகிறதா? பழைய படிக்கட்டோ வேலிக்காலோ இடம் பெயர்ந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு மண்ணியல் தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள். வீட்டு அஸ்திவாரத்தையோ, சாலையையோ, வண்டி நிறுத்துமிடத்தையோ தாங்க வேண்டிய சுவர் என்றாலும் அப்படித்தான். அதற்குக் கணக்குப் போட்டு வரைபடம் தர ஓர் ஆள் வேண்டும்.

சரிவின் கடுமைக்கும் ஓர் எல்லை உண்டு. கிடையாக இரண்டடி போனால் ஓரடிக்கு மேல் இறங்கும் நிலத்தில் நீங்களாகக் கட்ட வேண்டாம். காரணத்தைக் கீழே படிகளின் இடைவெளியைச் சொல்லும்போது பார்க்கலாம்.

அனுமதி விஷயம். நீலகிரியில் ஜேசிபி போன்ற மண் அள்ளும் இயந்திரத்தை இறக்க மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி தேவை. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் கிராமங்களுக்குத் தனி விதிகள் உண்டு. கையால் செய்யும் சிறு வேலைதான் என்றாலும் ஊராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கீழ்வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். உங்கள் வடிகால் எங்கே போய் விழப்போகிறது என்பது அவர் விஷயமும்தான்.

காலம்

குன்னூர், கோத்தகிரிக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரியில் தொடங்கி மார்ச்சுக்குள் கல்வேலையை முடித்துவிட்டால், கோடை மழைக்கு மண் படிந்துகொள்ளும்; அதன்பின் நடவு செய்யலாம். கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவம்தான் கொட்டும். அங்கே மே மாதத்துக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். வெட்டிய மண்முகத்தை மழைக்குத் திறந்து போட்டுவைப்பது ஆபத்து.

சரிவை அளப்பது

இதற்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். தெளிந்து தெரியும் பிளாஸ்டிக் குழாய் பதினைந்து மீட்டர் வாங்கி, நடுவில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஆறடி நீளமுள்ள இரண்டு நேர்க்கம்புகளில் அடி, அங்குலம் குறித்து, குழாயின் இரு முனைகளையும் ஆளுக்கொரு கம்பில் கட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே நின்று கம்பைத் தரையில் செங்குத்தாக ஊன்ற வேண்டும். மேல்கம்பில் நீர்மட்டம் தரையிலிருந்து ஓரடியில் நிற்கிறது, கீழ்க்கம்பில் நாலடியில் நிற்கிறது என்றால், இரண்டு புள்ளிகளுக்கும் இடையே இறக்கம் மூன்றடி. கிடைத்தூரத்தைக் கயிற்றை மட்டமாகப் பிடித்து அளங்கள். சரிவோடு படுக்கவைத்து அளந்தால் தூரம் கூடுதலாகக் காட்டும்.

ஆறேழு அடிக்கு ஒருமுறை இப்படி அளந்து ஒரு தாளில் குறித்தால் உங்கள் தோட்டத்தின் குறுக்குவெட்டு வந்துவிடும். அடுத்து அதே டியூப் லெவலைக் கொண்டு ஒரே மட்டத்தில் இருக்கும் புள்ளிகளைப் பக்கவாட்டில் கண்டுபிடித்து முளைக்குச்சி அடியுங்கள். குச்சிகளை இணைக்கும் கோடு கொஞ்சம் வளைந்து போகும். சுவரும் அந்த வளைவோடே போகட்டும். நேர்கோட்டில் கட்டினால்தான் அழகு என்று நினைப்பவர்கள் ஒரு முனையில் நாலடியும் மறுமுனையில் ஓரடியும் உயரம் வைக்கும்படி ஆகிவிடும்.

எத்தனை படி, எவ்வளவு இடைவெளி

ஒரு கணக்கு பார்ப்போம். தோட்டம் கிடையாக 30 அடி, மொத்த இறக்கம் 8 அடி. மூன்று படியாகப் பிரித்தால் ஒவ்வொரு சுவரும் 2 அடி 8 அங்குலம் உயரம், சுவருக்குச் சுவர் 10 அடி. கல்லின் தடிமன் போகச் சுமார் எட்டடி அகலத்துக்குப் பாத்தி போடலாம். இரண்டு ஆள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து களையெடுக்கப் போதுமான அகலம்.

மேல்சுவரின் எடையும் அதன் பின்னாலுள்ள மண்ணின் எடையும் கீழ்ச்சுவரின் முதுகில் ஏறக்கூடாது. அதற்குப் பொதுவிதி, இரண்டு சுவர்களுக்கும் இடையே கீழ்ச்சுவரின் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு பங்கு தூரம் இருக்க வேண்டும் என்பது. மூன்றடிச் சுவர் என்றால் ஆறடி. இரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் மூன்றடிச் சுவர் கட்டினால் கிடைப்பது சரியாக அந்த ஆறடிதான். அதைவிடக் கடுமையான சரிவில் விதி உடைந்துவிடும். இரண்டு சுவரும் சேர்ந்து ஒரே உயரச் சுவர் போல நடந்துகொள்ளும். மேலே சொன்ன எல்லை வந்தது இதிலிருந்துதான்.

முழுத் தோட்டத்தையும் சமமாக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காய்கறிக்கு இரண்டு படி போதும் என்றால் மீதியைச் சரிவாகவே விட்டு எலுமிச்சைப் புல்லோ வெட்டிவேரோ நட்டுவிடலாம். மண்ணைக் குறைவாகக் கலைத்த தோட்டம்தான் நிலைத்து நிற்கும் என்பது என் எண்ணம்.

கல், ஜல்லி, கருவி

இருபதடி நீளச் சுவர் ஒன்றுக்கு அளவு சொல்கிறேன். தரைக்குக் கீழே பத்து அங்குலம், மேலே 2 அடி 8 அங்குலம், ஆக மொத்தம் மூன்றரை அடி உயரம். அடி அகலம் 2 அடி, உச்சி அகலம் 17 அங்குலம். இதற்குச் சுமார் 120 கன அடி கல் பிடிக்கும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. உடைப்பது, ஒதுக்குவது, உள்ளே அடைப்பது எல்லாம் சேர்த்து ஒன்றரை யூனிட் சொல்லிவிடுங்கள். பின்னால் நிரப்ப 40 மி.மீ. ஜல்லி முக்கால் யூனிட். கட்டி முடித்த கல் மட்டும் ஆறு டன் எடை வரும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து தோட்டம் வரை அத்தனையும் ஆள் சுமந்துதான் வர வேண்டும் என்றால் அந்தக் கூலியையும் இப்போதே கணக்கில் சேருங்கள். மலையில் கல் விலையைவிடச் சுமைகூலி கூடிப்போகும் வீடுகள் உண்டு.

கல் வந்து இறங்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கொத்தனார் சுத்தியால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். நல்ல கருங்கல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே சிதைந்தது சொத்தென்று சத்தம் கொடுக்கும். உடைத்தால் ஓரத்தில் மஞ்சளும் பழுப்புமாகத் தோல் உரிந்தது போல் இருக்கும். அந்தக் கல்லைச் சுவரில் வைக்காதீர்கள். உருண்டைக் கல்லும் வேண்டாம். இரண்டு முகமாவது தட்டையாக உள்ள கல்தான் படுக்கும்.

இறக்கிய கையோடு தரம் பிரித்துவிடுங்கள். பெரியவை அடி வரிசைக்கு. ஒன்றே முக்கால் அடிக்குக் குறையாத நீளமுள்ளவை தனியாக. தட்டையான, அகலமானவை உச்சிக்கு. மீதி நடுவுக்கு. சில்லுகளை ஒரு கூடையில் போட்டு வையுங்கள். குவியலிலிருந்து ஒவ்வொரு கல்லாகத் தேடிக்கொண்டிருந்தால் பாதி நாள் தேடலிலேயே போய்விடும்.

கருவிகள்: கடப்பாரை, மண்வெட்டி, நாலு கிலோ சம்மட்டி, சிறு கல் சுத்தி, உளி, ரசமட்டம், தூக்குக்குண்டு, நைலான் நூல், மண் இறுக்கத் திமிசுக்கட்டை. தோல் கையுறையும் முன்பக்கம் கனமான பூட்ஸும் அவசியம். கல் உடைக்கும்போது கண்ணாடி போடுங்கள்.

அடித்தளம்

வேலை எப்போதும் கீழ்ப்படியிலிருந்து மேலே ஏற வேண்டும். மேல்படியை வெட்டும்போது கிடைக்கும் மண் கீழ்ச்சுவரின் பின்னால் நிரப்ப உதவும். மேலிருந்து தொடங்கினால், கட்டி முடித்த சுவரின் காலடியை நீங்களே தோண்டுவீர்கள்.

முதலில் கறுத்த மேல்மண்ணை ஆறு எட்டு அங்குல ஆழத்துக்கு வழித்தெடுத்துத் தனியாகக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். செடி வளர்வது அதில்தான். செம்மண்ணோடு கலந்துவிட்டால் பிறகு எத்தனை தொழுவுரம் போட்டாலும் ஈடுகட்ட வருடக்கணக்காகும்.

பிறகு குச்சி அடித்த கோட்டில் இரண்டரை அடி அகலம், ஓரடி ஆழத்துக்கு வாணம் தோண்டுங்கள். அடியில் தெரிய வேண்டியது கை படாத கெட்டி மண். எவராவது முன்பு கொட்டிய மண்ணோ குப்பையோ தென்பட்டால் கெட்டி வரும்வரை இறங்க வேண்டும். வாணத்தின் தரை மலைப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும். முன் விளிம்பைவிடப் பின் விளிம்பு இரண்டு மூன்று அங்குலம் தாழ்வாக இருந்தால் போதும். சுவர் முன்னே வழுக்க நினைத்தால் இந்தச் சாய்வு அதைத் தடுக்கும். திமிசு போட்டு இறுக்கி, இரண்டு அங்குலம் ஜல்லி பரப்பி மீண்டும் இறுக்குங்கள்.

நீளவாக்கிலும் நிலம் இறங்கினால் வாணத்தைச் சரிவாக விடாமல் படிப்படியாக வெட்டுங்கள். ஒவ்வொரு படியும் மட்டமாக இருந்தால்தான் கல் படுக்கும்.

பின்பக்க மண்முகத்தை ஒரேயடியாக இருபதடிக்கும் வெட்டிவிடாதீர்கள். ஏழெட்டு அடி வெட்டி, அந்தப் பகுதியை இடுப்பளவு கட்டியபின் அடுத்ததற்குப் போங்கள். மழை வரும்போல் இருந்தால் வெட்டிய முகத்தைத் தார்ப்பாயால் மூடி, அதன் அடியில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல் அடுக்குவது

இரண்டு முனையிலும் சட்டம் நட்டு நூல் கட்டுங்கள். முகப்பு, ஆறு அங்குலம் ஏறினால் ஓர் அங்குலம் உள்ளே சாய வேண்டும். மூன்றரை அடி உயரத்துக்கு ஏழு அங்குலம். சட்டத்தையே அந்தச் சாய்வில் நட்டுவிட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் நூலை மேலேற்றினால் போதும். நேராக நிற்கும் சுவர் நாலு மழைக்குப் பிறகு லேசாக முன்னால் வரும். அப்போது அது சாய்ந்த சுவர். உள்சாய்வோடு கட்டியது அதே அளவு நகர்ந்தாலும் இன்னும் மலைமேல் சாய்ந்துதான் இருக்கும்.

அடி வரிசைக்கு இருப்பதிலேயே பெரிய கற்கள். ஒவ்வொன்றையும் வைத்தபின் மேலே ஏறி நின்று இரண்டு காலையும் மாற்றி மாற்றி அழுத்திப் பாருங்கள். "கல்லு ஆடுச்சுன்னா அது இன்னும் உக்காரல சார்" என்று எங்கள் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் சொல்வார். ஆடும் கல்லை எடுத்து அடியில் மண்ணைச் செதுக்கி மறுபடி வையுங்கள். முன்பக்கத்திலிருந்து சில்லை அடித்துச் செருகி ஆட்டத்தை நிறுத்துவது கண்துடைப்பு. அந்தச் சில்லு நாளடைவில் வெளியே நழுவிவிடும். சில்லு செருகுவதென்றால் பின்பக்கத்திலிருந்துதான்.

கல்லை எந்தப் பக்கமாகப் படுக்கவைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நீளமான பக்கத்தை முகப்பில் காட்டினால் சீக்கிரம் வேலை முடியும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். ஆனால் சுவருக்குப் பலம் சேராது. கல்லின் நீளம் மலைக்குள் போக வேண்டும். வெளியே தெரிவது அதன் முனை. ஒரு வரிசையின் இணைப்புக்கு நேர்மேலே அடுத்த வரிசையின் இணைப்பு வரக்கூடாது. ஒவ்வொரு கல்லும் கீழே இரண்டு கல்லின் மேல் உட்கார வேண்டும், இரண்டு கல் ஒரு கல்லின் மேல் உட்கார வேண்டும். இதை மட்டும் விடாமல் பார்த்தாலே சுவர் பாதி தேறிவிடும்.

சுவரின் பாதி உயரத்தில், மூன்றடிக்கு ஒன்றாக, முகப்பிலிருந்து முதுகு வரை ஊடுருவும் நீளக் கற்களை வையுங்கள். கொத்தனார்கள் பாண்ட் ஸ்டோன் என்பார்கள். தனியாக எடுத்து வைக்கச் சொன்ன ஒன்றே முக்கால் அடிக் கற்கள் இதற்குத்தான். முன்வரிசையும் பின்வரிசையும் பிரிந்து சுவர் வயிறு தள்ளாமல் காப்பது இவைதான். கூலியை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் விட்டுவிடுவதும் இவற்றைத்தான். வேலை நடக்கும்போது நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இரண்டு வரிசைக்கும் இடையிலுள்ள பொந்துகளில் சில்லுகளைக் கையால் ஒவ்வொன்றாக வைத்து இறுக்குங்கள். மண்வெட்டியால் அள்ளிக் கொட்டினால் அவை நாளைக்கு இறங்கும். இறங்கும்போது முகப்பைத் தள்ளும். மண்ணையோ எம்-சாண்டையோ போட்டு அடைக்கவே கூடாது. நீர் போகும் வழி அந்தப் பொந்துகள்தான்.

உச்சியில் அகலமான தட்டைக் கற்கள். சிலர் இந்த ஒரு வரிசைக்கு மட்டும் அடியில் கலவை வைக்கிறார்கள். குழந்தைகள் ஓடி ஏறும் வீடு என்றால் அது நல்லதுதான்.

நாற்பது கிலோவுக்கு மேலுள்ள கல்லை ஒருவர் தூக்க வேண்டாம். பலகை சாய்த்து, கடப்பாரையால் நெம்பி ஏற்றுங்கள். பழகாத முதுகு இந்த வேலையில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

சுவருக்குப் பின்னால்

முகப்பைப் பார்த்து எல்லோரும் பாராட்டுவார்கள். சுவரின் ஆயுள் தீர்மானமாவது யாருக்கும் தெரியாத முதுகுப்பக்கத்தில்.

சுவரின் அடிப்பகுதி பின்பக்கத்தில், சுற்றிலும் துளையிட்ட நாலு அங்குல பிவிசி குழாயைப் போடுங்கள். நூறு அடிக்கு ஓரடி என்ற சரிவில் ஒரு பக்கமாக இறங்கி, சுவரின் முனையில் வெளியே வந்து வடிகாலில் சேர வேண்டும். அடுக்குக்கல் சுவரில் முகப்பு வழியாகவே நீர் கசியும் என்பதால் இது எதற்கு என்று கேட்பார்கள். வாணத்தை உள்பக்கமாகச் சாய்த்திருக்கிறோம். அந்தத் தாழ்ந்த விளிம்பில் நிற்கும் நீர் அடிமண்ணைக் குழைத்துவிடும். அதை வெளியேற்றத்தான் இந்தக் குழாய்.

வெட்டிய மண்முகத்தின் மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். துணிக்கும் சுவருக்கும் இடையே ஓரடி அகலத்துக்கு ஜல்லி. துணி மண்ணைப் பிடித்துக்கொண்டு நீரை மட்டும் விடும். துணி இல்லாமல் ஜல்லி மட்டும் போட்டால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் நுண்மண் உள்ளே புகுந்து ஜல்லியும் மண்ணாகிவிடும். பழைய சாக்கு போடலாமா என்று கேட்பவர்களுக்கு: சணல் சாக்கு மக்கிவிடும், பிளாஸ்டிக் தாள் நீரை மறித்துவிடும். இரண்டும் உதவாது.

சுவர் ஒரு வரிசை ஏறினால் ஜல்லியும் மண்ணும் அதே அளவு ஏற வேண்டும். மண்ணை ஆறு அங்குலம் போட்டு, புட்டு மாவுப் பதத்துக்கு ஈரம் வைத்து, திமிசு போட்டு இறுக்கி, அடுத்த ஆறு அங்குலம். சுவரிலிருந்து மூன்றடிக்குள் கையால் மட்டுமே இறுக்குங்கள். அதிரும் இயந்திரத்தைக் கொண்டுவந்தால் புதுச் சுவரையே தள்ளிவிடும். மொத்தத்தையும் கட்டி முடித்துவிட்டுப் பிறகு ஒரேயடியாக மண் கொட்டுகிறார்கள் பலர். அப்படிக் கொட்டிய மண் முதல் மழையில் அரையடி இறங்குவதைப் பார்க்கலாம்.

ஜல்லி உச்சிவரை வர வேண்டாம். மேலே எட்டு அங்குலம் இருக்கும்போது துணியை மடித்து ஜல்லியை மூடி, அதன்மேல் களித்தன்மையுள்ள மண்ணைப் போட்டு இறுக்குங்கள். தளத்தில் ஓடும் மழைநீர் நேராக ஜல்லிக்குள் பாயாமல் இருக்க இது தேவை.

தளத்தில் விழும் மழை

வெளிப்பக்கமாகச் சரிந்த தளத்தில் விழும் மழை முழுக்கச் சுவரின் தலைமேல் வழிந்து கீழ்ப்படியின் மண்ணைப் பறிக்கும். அதனால் நீலகிரிக்குப் பொருந்துவது உள்நோக்கிச் சாய்ந்த படி. 1954 முதல் ஊட்டியில் இயங்கும் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் உருளைக்கிழங்கு நிலங்களுக்குப் பரப்பிய முறையும் இதுதான். சாய்வு இரண்டரை சதவீதம், அதாவது பத்தடி அகலத்துக்கு மூன்று அங்குலம். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

உள்ளே வரும் நீருக்கு மேல்சுவரின் அடியிலிருந்து ஓரடி தள்ளி, ஓரடி அகலத்தில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டுங்கள். இருபதடி நீளத்துக்கு இரண்டரை அங்குலம் இறக்கம் போதும். தரையில் தட்டைக்கல் பதித்துவிட்டால் அரிக்காது. சுவரை ஒட்டி வெட்டினால் அதன் காலடி ஊறும். ஓரடி தள்ளச் சொல்வது அதனால்தான். வாய்க்கால் முடியும் பக்கவாட்டில், நீர் ஒவ்வொரு படியாக இறங்க, சரிவில் கல் பதித்த படிக்கட்டு போன்ற வடிகால் அமைத்துப் பொது வடிகாலில் சேருங்கள். வீட்டுக் கூரை நீரை எக்காரணம் கொண்டும் படிகளில் விடாதீர்கள். அதற்குத் தனிக் குழாய் போட்டுத் தொட்டிக்கோ வடிகாலுக்கோ கொண்டுபோங்கள். துவைக்கும் கல்லின் நீரும் அப்படித்தான்.

நடவு

ஒதுக்கி வைத்த மேல்மண்ணைத் தொழுவுரத்தோடு பரப்புங்கள். சுவர் விளிம்பிலிருந்து ஓரடிக்குள் கிழங்குப் பயிர் வேண்டாம். பிடுங்கும்போதெல்லாம் விளிம்பு மண் கலையும். அங்கே ரோஸ்மேரி, எலுமிச்சைப் புல், வெட்டிவேர் போன்றவை நல்லது. வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் பரவாமல் பத்தடிக்கும் கீழே நேராக இறங்கும். உறைபனி விழும் ஊட்டிப் பள்ளங்களில் அது மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். உள்பக்கம் கேரட், பீன்ஸ், நூல்கோல், முள்ளங்கி எதுவும் வரும். கொய்யா, பிளம்ஸ் போன்ற மரங்களைச் சுவரிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி வையுங்கள். கல்லிடுக்கில் தானாக முளைக்கும் பெரணியை விட்டுவிடலாம், கெடுதல் இல்லை.

கலவைச் சுவர்தான் வேண்டும் என்றால்

இடம் குறுகலாக இருந்து இரண்டடி அகலக் கல்லடுக்குக்கு வழியில்லை என்றால் சிமெண்ட் கலவையில் கட்டலாம். முதுகுப்பக்க ஏற்பாடு எல்லாம் அதேதான்: குழாய், ஜல்லி, துணி. கூடவே மூன்று அங்குலக் குழாய்த் துண்டுகளை நாலைந்து அடிக்கு ஒன்றாகச் சுவரின் ஊடே வைக்க வேண்டும். கீழ்வரிசை தரையிலிருந்து அரையடி உயரத்தில், வெளிப்பக்கமாகச் சற்றே சாய்ந்து. உள்வாயைத் துணியால் மூடி, முன்னே ஜல்லி. கட்டிய சுவரைப் பத்து நாள் நனைத்து வையுங்கள். மலையில் குளிர்ந்த காற்றிலும் கலவை காய்ந்துபோகும்.

அடுக்குக்கல் சுவர் கட்டியபின், முகப்பு அழகாக இருக்கட்டும் என்று இடுக்குகளில் சிமெண்ட் பூசும் பழக்கம் ஒன்று பரவிவருகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அடைபட்ட நீர் வழி தேடும். கலவையே இல்லாத கற்களை அது தள்ளிச் சாய்க்க நேரமாகாது. பூசிய சுவரின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு வடிந்து, மழை நின்று மூன்று நாள் கழித்தும் ஈரம் காயாமல் இருந்தால் உள்ளே நீர் நிற்கிறது என்று பொருள். பூச்சைக் கொத்தி எடுங்கள்.

முதல் மழைக்காலமும் அதற்குப் பிறகும்

முதல் பெருமழையின்போது குடை பிடித்துப் போய்ப் பாருங்கள். வடிகுழாயில் நீர் தெளிவாக வந்தால் எல்லாம் சரி. சிவப்பாகக் கலங்கி வந்துகொண்டே இருந்தால் துணி எங்கோ கிழிந்து மண் வெளியேறுகிறது. நல்ல மழையிலும் குழாய் வறண்டு கிடந்தால் அது அடைபட்டிருக்கிறது. முனையிலிருந்து நீளக் கம்பி விட்டுக் குத்துங்கள். வாயில் வலை போட்டால் எலி புகாது. வாய்க்காலில் சேரும் இலையையும் மண்ணையும் அக்டோபருக்கு முன் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை அள்ளிப் பாத்தியிலேயே போடுங்கள். இடுக்கில் சீகை, யூகலிப்டஸ், ஆல், அரசு எது முளைத்தாலும் விரல் நீளத்திலேயே பிடுங்குங்கள்.

சுவரின் வயிறு தள்ளுகிறதா என்று கண்ணால் சொல்வது கடினம். இரண்டு முனையிலும் ஆணி அடித்து நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் கல்லுக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதி வையுங்கள். அடுத்த மழைக்குப் பின் அதே இடத்தில் அளங்கள். அரை அங்குலம், ஓர் அங்குலம் நகர்ந்து அதோடு நின்றுவிட்டால் சுவர் படிந்திருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் கூடிக்கொண்டே போனால் அந்தப் பகுதியைப் பிரிக்க வேண்டியதுதான். மழைக்காலம் முடிந்து மண் காய்ந்ததும், மேலிருந்து கீழாக, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் கற்களை எடுங்கள். எடுத்த வரிசைப்படியே கீழே பரப்பி வைத்தால் திரும்ப வைப்பது எளிது. முதுகில் ஜல்லி மண்ணடைத்திருந்தால் அதை மாற்றி, துணியைப் புதிதாக விரித்து, அதே கற்களைக் கொண்டே மறுபடி கட்டலாம். புதிதாக வாங்க வேண்டியது துணியும், சில கூடை ஜல்லியும், பாண்ட் ஸ்டோன் குறைந்திருந்தால் அதுவும்தான்.